பழைய இங்கிலீஷ் செங்கல் பண்ணை வீடு: எந்தக் கோளாறுக்கு எங்க பாக்கணும்

கிழக்கு இங்கிலாந்துல சஃபோக் பக்கம் நாங்க வாங்குனது செங்கல் வீடுன்னு நம்பித்தான் வாங்குனோம். மூணாவது மாசம் எலக்ட்ரீஷியன் ஒரு பிளக் பாயிண்டுக்காக உள்பூச்சைக் கொத்துனப்ப உள்ள செங்கலே இல்ல, கருத்துப்போன ஓக் தூணும் நடுவுல குச்சி பின்னி களிமண் அப்புன சுவரும் தான். வெளிய தெரியுற செங்கல் பிற்காலத்துல போட்டுவிட்ட சட்டை. இந்தப் பக்கம் இது ரொம்ப சகஜம். 1570ல இருந்து 1640க்குள்ள இங்கிலாந்து கிராமத்துல வசதியான விவசாயிங்க வீட்டை எல்லாம் பெருசா திருப்பிக் கட்டுனாங்கன்னு ஹாஸ்கின்ஸ்ங்கற வரலாற்று ஆய்வாளர் 1953ல எழுதுனாரு, அப்ப இங்க கட்டுனதுல முக்கால்வாசி மரவீடு, அப்புறம் 18ஆம் நூற்றாண்டுல செங்கல் தான் கெத்துன்னு ஆனதும் அதே மரவீட்டுக்கு முன்னாடி ஒரு செங்கல் முகத்தை ஒட்டிட்டாங்க.

இதை எதுக்கு முதல்லயே சொல்றேன்னா, இந்த மாதிரி வீட்டுல வர்ற கோளாறுல பாதிக்கு மேல வீட்டோட வியாதி இல்ல, கடைசி அறுபது எழுபது வருஷத்துல யாரோ பாத்த வைத்தியத்தால வந்த வியாதி. அதனால எதைக் கண்டாலும் "இதுக்கு என்ன மருந்து"ன்னு ஓடாதீங்க, "இதுக்கு முன்னாடி இங்க யாரு என்ன பூசுனாங்க"ன்னு கேளுங்க.

எந்த கோளாறா இருந்தாலும் மொதல்ல இதைப் பாத்துருங்க

ஜன்னல் ஓரத்துல டேப் வெச்சு சுவரோட தடிமனை அளங்க. 9 இன்ச்சு பக்கம்னா ஒரு கல் சுவர், அதாவது ஒரு செங்கல் நீளத்துக்குத் தடிமன், 13 அரைன்னா ஒன்றரைக் கல், ரெண்டும் முழு செங்கல், நடுவுல கேவிட்டின்னு காத்து இடைவெளி எல்லாம் கிடையாது. அப்புறம் வெளிய நின்னு கல் அடுக்குன விதத்தைப் பாருங்க. ஒரு வரி முழுக்க நீளவாட்டுல, அடுத்த வரி முழுக்க தலை, அதாவது கல்லோட குட்டைப் பக்கம், தெரியுற மாதிரி இருந்தா இங்கிலீஷ் பாண்ட். ஒரே வரியில நீளம், தலை, நீளம், தலைன்னு மாத்தி மாத்தி வந்தா ஃப்ளெமிஷ் பாண்ட், 1631ல கட்டுன கியூ அரண்மனை தான் இங்கிலாந்துல இதுக்கு ஆரம்பகால உதாரணம்னு காட்டுவாங்க. பழைய வீட்டு முகப்புல தலையே தெரியாம எல்லாம் நீளமா மட்டும் இருந்துச்சுன்னா உஷார், அது அரைக்கல் தடிமன்ல போட்ட சட்டையா இருக்கலாம், பின்னாடி மரம்.

அடுத்து கல்லோட உயரம். 2 இன்ச்சு, 2 கால் இன்ச்சு மெல்லிசான கல்லுன்னா பெரும்பாலும் பழசு, டியூடர் ஸ்டூவர்ட் ராஜாக்கள் காலம், சுமாரா 16, 17ஆம் நூற்றாண்டு. 3 இன்ச்சை ஒட்டி வந்தா 18ஆம் நூற்றாண்டு கடைசி இல்ல அதுக்கு அப்புறம். நடுவுல செங்கல் மேல ஒரு டாக்ஸ் வந்துச்சு, 1784ல அமெரிக்கப் போர் செலவுக்காக ஆயிரம் செங்கல்லுக்கு இவ்வளவுன்னு அரசாங்கம் போட்டுச்சு, எண்ணிக்கைக்குத்தானே வரின்னு சூளைக்காரங்க கல்லைப் பெருசாக்கிட்டாங்க. மெஷம் ஊர்ல ஜோசப் வில்க்ஸ்னு ஒருத்தர் கிட்டத்தட்ட டபுள் சைஸ்ல கல் அறுத்தாரு, இன்னைக்கும் அதை வில்க்ஸ் காப்ஸ்னு தான் சொல்றாங்க. 1803ல பெரிய கல்லுக்கு ரெட்டை வரின்னு வந்து, 1850ல வரியே போயிருச்சு. இதெல்லாம் சும்மா கதைக்கு சொல்லல, ஒரே வீட்டுல ஒரு பக்கம் மெல்லிசு கல்லும் இன்னொரு பக்கம் தடிமன் கல்லும் இருந்தா ரெண்டும் சேர்ற இடம் ஒரு ஒட்டு, அங்க விரிசல் வந்தா அர்த்தமே வேற. கீழ வருது.

கடைசியா சாந்து. ஒரு ஆணியை எடுத்து கல்லுக்கு நடுவுல சுரண்டுங்க. வெண்ணெய் கலர்ல பொடியா உதிர்ந்து, நடுவுல வெள்ளை வெள்ளையா சின்ன சுண்ணாம்புக் கட்டி தெரிஞ்சா நல்ல சேதி. சாம்பல் கலர்ல கிரீச்சுன்னு ஆணியே வழுக்குனா சிமெண்ட். போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு பேடண்ட் வாங்குனதே 1824ல தான், அதனால அதுக்கு முன்னாடி கட்டுன வீட்டுல அதைப் பாத்தா பின்னாடி வந்த கைவரிசை தான்.

சுவரோட அடியில இடுப்பு உயரம் வரைக்கும் ஈரம், பெயிண்ட் கொப்புளம், உப்பு பூக்குது

எல்லாரும் விழுற குழி இது தான், நாங்களும் விழப் பாத்தோம். சுவர் ஈரத்துக்கு வைத்தியம் பாக்குற ஒரு டேம்ப் கம்பெனிக்காரர் வந்தாரு, ரெண்டு முள்ளு வெச்ச மீட்டரை சுவத்துல குத்துனாரு, பீப் பீப்னு கத்துச்சு, சுவர் முழுக்க ஓட்டை போட்டு கெமிக்கல் ஏத்தணும்னு கொட்டேஷன் குடுத்துட்டுப் போயிட்டாரு, மொத்தம் இருபது நிமிஷம் கூட ஆகல. அந்த மீட்டர் அடிப்படையில மரத்துக்குப் பண்ணது. அது அளக்குறது தண்ணிய இல்ல, மின்சாரம் எவ்வளவு சுலபமா பாயுதுங்கறத, சுவத்துல உப்பு இருந்தாலே காஞ்ச சுவரும் கத்தும். எங்க வீட்டுல அந்த மூலை ஒரு காலத்துல மாட்டுக்கொட்டகையோட ஒட்டுன சுவர், எத்தனை வருஷ கோமியமோ, நைட்ரேட் உப்பு அப்படியே ஊறிக் கிடக்கு, அது காத்துல இருக்குற ஈரத்தையே இழுத்து வெச்சுக்கும்.

சரி, வரிசையா பாருங்க. வெளிய போய் தரைமட்டத்தைப் பாருங்க, இது தான் நம்பர் ஒன். பண்ணை முற்றத்துல இருநூறு வருஷமா சாணி, சாம்பல், ஜல்லி, கடைசியா தார்னு ஒண்ணு மேல ஒண்ணா ஏறிக்கிட்டே போகும், வீட்டுத்தரை மட்டும் அங்கயே இருக்கும். எங்களுக்கு வெளிமண் உள்தரையை விட ஒரு ஜாண் மேல இருந்துச்சு, அப்புறம் சுவர் ஈரமாகாம என்ன பண்ணும். உள்தரைக்கு கீழ 150ல இருந்து 200 மில்லிமீட்டர் வரைக்கும் வெளிமண் இறங்கி இருக்கணும். தோண்டுங்க, ஆனா அளவா தோண்டுங்க, இந்த வீடுங்களுக்கு அஸ்திவாரம்னு பெருசா ஒண்ணும் இருக்காது, நாலஞ்சு வரி கல்லை படிப்படியா அகலப்படுத்தி மண்ணுல உக்கார வெச்சிருப்பாங்க அவ்வளவு தான், பக்கத்துல ஆழமா கால்வா வெட்டுனா அஸ்திவாரத்தையே அவுத்து விட்ட மாதிரி.

மழை பெய்யும்போது குடையைப் புடிச்சுக்கிட்டு வெளிய நின்னு கூரைத் தண்ணி ஓடுற கட்டரையும் பைப்பையும் பாருங்க. உள்ள உக்காந்து யோசிச்சு ஒரு வாரத்துல கண்டுபுடிக்காததை பத்து நிமிஷத்துல கண்டுபுடிச்சிரலாம். எங்க வீட்டுல வார்ப்பிரும்பு பைப்போட சுவரைப் பாத்த பின்பக்கம் விரிஞ்சு, முன்னாடி இருந்து பாத்தா புது பெயிண்ட்டோட ஜம்முனு இருந்துச்சு.

அப்புறம் உள்தரை. இந்தப் பக்கம் பாமெண்ட்னு சொல்ற சதுர களிமண் தளக்கல்லை நேரா மண்ணு மேல பாவியிருப்பாங்க, ஈரம் கொஞ்சம் கொஞ்சமா தரை வழியா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும். யாராவது அதைப் பேத்துட்டு பிளாஸ்டிக் ஷீட்டு விரிச்சு கான்கிரீட் போட்டிருந்தா அந்த ஈரம் ஓரத்துக்குப் போய் சுவர் வழியா ஏறும். சுவர்ல சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்ட்டும் இருந்தா அங்கயும் வெளிய போக வழி இல்லாம இன்னும் மேல மேல ஏறும். தலைவலி போய் திருகுவலி வந்த கதை. உள்பக்க சிமெண்ட் பூச்சை எடுத்துட்டு சுண்ணாம்புப் பூச்சு, அதுக்கு மேல சுண்ணாம்பு வெள்ளை, நம்ம ஊர்ல பொங்கலுக்கு அடிப்போமே அதே சரக்கு தான், இங்க லைம்வாஷ்னு டப்பால அடைச்சு காசு ஜாஸ்தி வாங்குறாங்க.

டேம்ப் ப்ரூஃப் கோர்ஸ், அதாவது மண்ணு ஈரம் மேல ஏறாம சுவத்தோட அடியில வைக்கிற தடுப்பு, இல்லையேன்னு கவலைப்படாதீங்க, 1875 பொது சுகாதார சட்டத்துக்கு அப்புறம் தான் அது மெல்ல மெல்ல வழக்கத்துக்கே வந்துச்சு. பண்ணதுக்கு அப்புறம் பொறுமையா இருக்கணும், ஒரு இன்ச்சு தடிமன் காய ஒரு மாசம்னு பழைய கொத்தனாருங்க கணக்கு சொல்றாங்க, 9 இன்ச்சு சுவர்னா நீங்களே பாத்துக்கோங்க. வெள்ளை உப்பை காஞ்ச பிரஷ்ஷால தட்டி முறத்துல அள்ளுங்க, தண்ணி ஊத்திக் கழுவுனா உப்பு திரும்பவும் உள்ள தான் போகும்.

செங்கல் முகம் பொரிஞ்சு தட்டையா உதிருது

கிட்டப் போய் பாருங்க. கல்லு நடுவுல குழிஞ்சு தட்டு மாதிரி ஆயிருக்கும், அதைச் சுத்தி சாம்பல் கலர் சாந்து மட்டும் போட்டோ ஃப்ரேம் மாதிரி துருத்திக்கிட்டு நிக்கும். சாந்து கெட்டி, கல்லு மெத்து. ஈரம் சாந்து வழியா காயணும், அது தான் கணக்கு, சாந்து தேஞ்சா மறுபடி வைக்கலாம், கல்லு தேஞ்சா என்ன பண்ணுவீங்க. சிமெண்ட் வெச்சதால ஈரம் கல்லு வழியா காய ஆரம்பிக்குது, ஜனவரி பனியில அந்த ஈரம் உறைஞ்சு விரிஞ்சு முகத்தைத் தள்ளிவிட்டுருது. கூடவே இன்னொண்ணு, சூளையில வெளி ஓரமா இருந்து சரியா வேகாத கல்லை உள்சுவருக்குன்னு ஒதுக்குவாங்க, பின்னாடி யாராவது அந்தச் சுவரை வெளிச்சுவரா ஆக்கியிருந்தா அதுவும் இப்படி உதிரும்.

சரி பண்றது: சிமெண்டை உளியும் சுத்தியலும் வெச்சு கையால எடுங்க. ஆங்கிள் கிரைண்டர் வேண்டாம், மெல்லிசு சந்துல அது கல்லோட விளிம்பை ஒரு நொடியில கடிச்சிரும், அந்தக் காயம் வாழ்நாளுக்கும் தெரியும். சிமெண்ட் கல்லோட அவ்வளவு இறுக்கமா புடிச்சிருந்து, எடுத்தா கல்லும் சேந்து வரும்னா அதை அப்படியே விட்டுருங்க, தானா தளரும்போது எடுக்கலாம். சந்தோட அகலத்துல ரெண்டு மடங்கு ஆழம், குறைஞ்சது 20, 25 மில்லிமீட்டர். பிரஷ்ஷால தூசு தட்டி, தண்ணி தெளிச்சு நல்லா நனைச்சு, சொட்டச் சொட்ட இல்லாம, சுண்ணாம்பு ஒரு பங்கு கரடு மணல் ரெண்டரை மூணு பங்குன்னு கலந்து உள்ள அழுத்திக் கட்டுங்க. மெத்துக் கல்லுக்கு நீத்துன சுண்ணாம்பு இல்லன்னா என்.ஹெச்.எல். 2 (தண்ணி பட்டா தானா இறுகுற சுண்ணாம்பு, நம்பர் ஏற ஏற கெட்டி) போதும், 3.5 மழை அடிக்கிற சுவருக்கு, 5 எல்லாம் சிம்னி மாதிரி இடத்துக்கு. கொஞ்சம் இறுகுனதும் தடிச்ச மயிர் பிரஷ்ஷால குத்திக் குத்தி விடுங்க, மணல் வெளிய தெரியும், அந்தச் சொரசொரப்பு தான் ஈரம் காய வழி. அப்புறம் நனைஞ்ச சாக்கு. சாக்கு இல்லாம வெயில்லயும் காத்துலயும் விட்டா மாவு மாதிரி உதிர்ந்து போகும், நான் அவசரப்பட்டு செஞ்ச முதல் மூணு அடியை இன்னைக்கும் விரலால நோண்டி எடுக்கலாம். 5 டிகிரிக்கு கீழ போற காலத்துல தொடவே தொடாதீங்க, அதாவது இங்க ஏப்ரல்ல ஆரம்பிச்சு செப்டம்பருக்குள்ள முடிச்சிருங்க.

முகம் போன கல்லை ஜாக்கிரதையா கழட்டி திருப்பி வைக்கலாம், பின்பக்கம் பெரும்பாலும் புதுசாட்டம் இருக்கும்.

ஆங், அங்கங்க கருநீலமா பளபளன்னு தெரியுற தலைக்கல்லு கோளாறு இல்ல, சூளையில நெருப்புக்கு நேரா இருந்து கண்ணாடி மாதிரி உருகுனது, அதை வெச்சே டைமண்ட் கோலம் எல்லாம் போட்டிருப்பாங்க. அதைப் போய் தேய்க்காதீங்க.

விரிசல்

பதறாதீங்க, மொதல்ல அகலத்தை அளங்க. பில்டிங் ரிசர்ச் எஸ்டாப்ளிஷ்மெண்ட் 0ல இருந்து 5 வரைக்கும் வகை பிரிச்சிருக்கு, 5 மில்லிமீட்டர் வரைக்கும் உள்ளது ரெண்டாவது வகை, பாக்க அசிங்கமா இருக்கும் அவ்வளவு தான், 15க்கு மேல போனா தான் நிஜமான தலைவலி. ஆனா அகலத்தை விட முக்கியம் அது நகருதாங்கறது. விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதுங்க, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்க்ரூ அடிச்சு மாசம் ஒருக்கா கேலிப்பர்ல தூரத்தை அளந்து நோட்டுல குறிங்க, ஒரு வருஷம் முழுசா.

கோடையில திறந்து குளிர்காலத்துல மூடுச்சுன்னா களிமண் சுருங்கி விரியுது. பக்கத்துல வில்லோ, பாப்லர், ஓக் மரம் இருக்கான்னு பாருங்க, மூணும் தண்ணி குடிக்கிற பூதம். 1976 வறட்சியில தான் இந்தப் பிரச்சனை இங்க வீட்டுக்கு வீடு தெரிஞ்சுச்சு, இன்ஷூரன்ஸ்ல நிலம் இறங்குறதை சேத்ததே அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி தான். அதுக்காக கோவத்துல மரத்தை ஒரேயடியா வெட்டிராதீங்க, குடிக்க ஆள் இல்லாம களிமண் ஊதி வீட்டைத் தூக்கும், அது இன்னும் மோசம்.

மேல அகலமாவும் கீழ ஒடுங்கியும் சாய்வா போனா அந்த ஓரம் கீழ இறங்குதுன்னு சந்தேகப்படலாம், பக்கத்துல கழிவுநீர் பைப் உடைஞ்சிருக்கான்னு கேமரா விட்டுப் பாருங்க. நேரா மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கோடா போனா, ரெண்டு பக்கமும் கல்லு சைஸ் ஒண்ணா இருக்கான்னு அளங்க. இல்லையா, அது விரிசல் இல்ல, ரெண்டு காலத்து வீடு ஒட்டுன இடம், எப்பவும் கொஞ்சம் ஆடும். எங்க சர்வேயர் ரிப்போர்ட்ல சிவப்புல போட்டு பயமுறுத்துன விரிசல் இதே தான், ஒரு பக்கம் 2 கால் இன்ச்சு, மறுபக்கம் 2 முக்கால்.

முன்சுவர் வயிறு தள்ளி நிக்குது

இதை மட்டும் லேசா எடுக்காதீங்க. மாடி ஜன்னல்ல இருந்து தூக்குக்குண்டு விட்டுப் பாருங்க, எங்க எவ்வளவு தள்ளியிருக்குன்னு அளங்க, விரல் முட்டியால தட்டுங்க, டொக்கு டொக்குன்னு பொள்ளலா கேட்டா சட்டை உடம்ப விட்டு விலகிருச்சு. அரைக்கல் சட்டைன்னா மரத்துல அடிச்ச இரும்புக் கொக்கி துருப்புடிச்சுப் போயிருக்கும். ஃப்ளெமிஷ் பாண்ட் சுவர்லயும் வரும், ஏன்னா முகப்புக்கு நல்ல விலை ஒசத்தி கல்லு, உள்ள மட்டமான கல்லு, நல்ல கல்லை மிச்சம் பண்ண தலைக்கல்லை பாதியா உடைச்சு வெச்சிருப்பாங்க, வெளிய இருந்து பாத்தா தலை உள்ள வரைக்கும் போற மாதிரி இருக்கும், நிஜத்துல ரெண்டு சுவரும் கையே கோக்கல. அன்னைக்கே கான்ட்ராக்டர் புத்தி அப்படித்தான்.

சுவத்துல எஸ் மாதிரியோ எக்ஸ் மாதிரியோ இரும்புத் தகடு இருந்தா யாரோ முன்னாடியே உத்திரத்தோட சேத்துக் கட்டியிருக்காங்க, அது பழைய வைத்தியம், நல்ல வைத்தியம். கம்பி தளர்ந்திருக்கா, துரு ஊதி பக்கத்துக் கல்லை வெடிக்க வெக்குதான்னு மட்டும் பாருங்க. மத்தபடி பழைய கட்டடம் தெரிஞ்ச ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைக் கூப்பிடுங்க, கேர்னு ஒரு பதிவேடு இருக்கு அதுல தேடலாம். பெரும்பாலும் இடிக்க வேண்டி வராது, ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கம்பி விட்டு பின்னாடி மரத்தோட இல்ல உள்சுவரோட கட்டிருவாங்க.

இடிக்கிற பேச்சு வந்ததால சொல்றேன், வீடு லிஸ்ட்டடா, அதாவது பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம்னு அரசாங்கப் பட்டியல்ல இருந்தா, அனுமதி இல்லாம அதோட தன்மையை மாத்துற எந்த வேலையும் 1990 சட்டப்படி கிரிமினல் குத்தம். கிரேடு 2 தானேன்னு அலட்சியம் வேண்டாம், லிஸ்ட்ல 90 சதவீதத்துக்கு மேல அந்த வகை தான். முந்தின ஓனர் பண்ணதையும் உங்களைச் சரி பண்ணச் சொல்லலாம், அதுக்குக் காலக்கெடு கிடையாது. வாங்குறதுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட இதைக் கேளுங்க.

சிம்னி சுவர்ல பழுப்புக் கறை, மழைக்காலத்துல வருது வெயில்ல போகுது

அடுப்பை மூடி பலகை அடிச்சு, மேலயும் கீழயும் காத்துக்கு வழி விடாம அடைச்சிருப்பாங்க. உள்ள இத்தனை வருஷ கரிப்புகையோட உப்பும் தாரும், மேல இருந்து மழையும். ரெண்டு பக்கமும் காத்துப்போக்கு குடுங்க, மேல காத்து போற மாதிரி தொப்பி, கீழ ஒரு கிரில். காக்கா கூடு இருக்கும், இங்க ஜாக்டான்னு ஒரு சின்ன காக்கா, அது போட்ட குச்சி மட்டும் எங்க சிம்னியில ஆறு மூட்டை. கறை அப்புறமும் போகலைன்னா அந்தப் பூச்சை மாத்தித்தான் ஆகணும், பெயிண்ட் அடிச்சா நாலு வாரத்துல எட்டிப் பாக்கும்.

சிம்னி ஒரு பக்கமா சாஞ்சு நிக்குதா, சிமெண்ட் சாந்து வெச்சிருந்தா புகையில இருக்குற சல்ஃபேட்டு அதை ஊத வைக்கும், மழை வாங்குற பக்கம் அதிகமா ஊதி மறுபக்கம் சாய்க்கும்.

உத்திரத்துல ஓட்டை, ராத்திரி டிக் டிக் சத்தம்

ஓட்டையில குச்சியை விட்டுப் பாருங்க. 2 மில்லிமீட்டருக்குள்ளன்னா சாதாரண மரவண்டு, ஓரத்து மெத்து மரத்தைத் தின்னுட்டு எப்பவோ போயிருக்கும். 3 மில்லிமீட்டர்னா டெத் வாட்ச் பீட்டில், வசந்த காலத்துல ஜோடியைக் கூப்பிட தலையால மரத்தை முட்டும், அது தான் அந்த சத்தம். பாதிப் பேரு இங்க தூக்கம் கெட்டு மருந்தடிக்கிற ஆளைக் கூப்புடுவாங்க. அது நனைஞ்சு மெத்தான ஓக்கைத் தான் தேடி வரும், உத்திரத்தோட முனை ஈரச்சுவத்துக்குள்ள போற இடத்தைப் பாருங்க, ஈரத்தை நிறுத்துனா அதுக்குச் சாப்பாடு நின்னுரும். ஓட்டைக்குக் கீழ கருப்புத்தாள் விரிச்சு வைங்க, புது மாவு விழலைன்னா பழைய கதை. மேல வௌவால் இருந்தா எதையும் அடைக்காதீங்க, 1981 வனவிலங்குச் சட்டம் அதுங்க பக்கம்.

அடைச்ச ஜன்னல், சுவத்துல சின்ன ஓட்டைங்க, சாஞ்ச தரை

இதெல்லாம் கோளாறு லிஸ்ட்ல வர்றதே தப்பு. ஜன்னல் வரி 1696ல இருந்து 1851 வரைக்கும் இருந்துச்சு, அதுக்குப் பயந்து அடைச்சது நிறைய. ஆனா முகப்பு ரெண்டு பக்கமும் ஒத்து இருக்கணும்னு கட்டும்போதே பொய் ஜன்னலா விட்டதும் உண்டு, அடைச்ச கல்லும் சுவர்க் கல்லும் ஒரே மாதிரி கோத்திருந்தா அது ரெண்டாவது ரகம், அதைத் திறக்கறேன்னு உடைச்சுராதீங்க, பின்னாடி ஒரு வேளை சிம்னி இருக்கும். வடக்கு அறை கதவு மேல பால் அறைன்னு அர்த்தம் வர்ற மாதிரி டெய்ரின்னு எழுதியிருந்தா பெயிண்ட் அடிச்சு மறைக்காதீங்க, அப்படி எழுதி வெச்சா அந்த ஜன்னலுக்கு வரி கிடையாது. சாந்துல பென்சில் சைஸ் ஓட்டைன்னா மேசன் தேனீ, கொட்டாத சாது, கோடை முடிஞ்சதும் சுண்ணாம்புச் சாந்து வெச்சு அடைச்சிருங்க போதும்.

தரை சாய்வுக்கு, உத்திரம் ஆடாம, பூச்சுல புது விரிசல் விழாம இருந்தா ஒண்ணும் பண்ண வேண்டாம். எங்க படுக்கையறையில கோலிகுண்டு விட்டா தானா ஜன்னல் பக்கம் உருளும், ரசமட்டம் வெச்சுப் பாத்து, கட்டில் ஒரு பக்கக் காலுக்கு 32 மில்லிமீட்டர் ஓக் துண்டு வெச்சிருக்கோம்.